கூடாரம் அடிக்க யாரைக் கேட்க வேண்டும்?

ஜூன் பள்ளி விடுமுறைக்கு ஐரோப்பா போகலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள் முதலில் விமானச் சீட்டின் விலையைப் பார்ப்பார்கள். "பரவாயில்லை, சமாளிக்கலாம்" என்பார் அப்பா. அடுத்து ஆஸ்லோவிலோ ஸூரிக்கிலோ நான்கு பேருக்கு ஹோட்டல் என்ன விலை என்று தேடுவார்கள். அதன்பிறகு வீட்டில் யாரும் அதிகம் பேசமாட்டார்கள். அப்போதுதான் மூத்த பிள்ளை கைப்பேசியை நீட்டும். நீல ஏரி, பின்னால் பனிமலை, கரையில் ஓர் ஆரஞ்சு நிறக் கூடாரம். "அங்கெல்லாம் எங்க வேணும்னாலும் டெண்ட் போட்டுக்கலாம்பா. காசே கிடையாது."

இந்தப் பேச்சில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பது நீங்கள் எந்த நாட்டில் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்வீடனில் சட்டம் உங்கள் பக்கம். குரோஷியக் கடற்கரையில் அதையே செய்தால் அபராதச் சீட்டு கைக்கு வரும். பிரான்ஸின் மலைப் பூங்காக்களில் இரவு 8 மணிக்கு அனுமதிக்கப்படும் கூடாரம், காலை 10 மணிக்கும் நின்றுகொண்டிருந்தால் விதிமீறல்.

நமக்கு இதெல்லாம் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஓர் இரவு கூடாரம் போட வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். மலேசியாவில் காப்புக் காட்டுக்குள் போவதற்கே வனத்துறையிடம் எழுதிக் கேட்க வேண்டும். நிலம் ஒருவருடையதாகவோ அரசாங்கத்துடையதாகவோ இருக்கும்; தங்க வேண்டுமானால் கேட்க வேண்டும். இதுதான் நாம் அறிந்த உலகம். அடுத்தவருடைய காட்டில், அவரைக் கேட்காமலேயே, சட்டப்படி தூங்கலாம் என்று ஒரு நாடு சொன்னால் 'எங்கோ ஒரு கொக்கி இருக்கிறது' என்று நம் மனம் தேடும். கொக்கி இருக்கத்தான் செய்கிறது.

வடக்கே, கேட்காமலேயே தங்கலாம்

ஸ்வீடனில் இந்த உரிமைக்குப் பெயர் 'அல்லெமான்ஸ்ரெட்டன்'. எல்லாருக்குமான உரிமை என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், இதை வரிவரியாக விளக்கும் தனிச் சட்டம் எதுவும் அங்கே இல்லை. காலங்காலமாக வந்த வழக்கம். 1990களில் அரசியலமைப்பிலும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஸ்வீடன் பிள்ளைகள் இதை இரண்டே சொற்களில் கற்றுக்கொள்கிறார்கள்: தொந்தரவு செய்யாதே, நாசம் செய்யாதே. இதற்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. வீட்டுக்காரர் கண்ணில் படாத, காதுக்கு எட்டாத தூரத்தில் ஓரிரு இரவு தங்கலாம். பயிர் நிலத்தில் கால் வைக்கக்கூடாது. வழியில் காட்டுப் புளூபெர்ரி பழுத்திருந்தால் வாளி நிறையப் பறித்துக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து கூடாரங்களோடு சங்க உறுப்பினர்கள் மொத்தமாகப் போவதாக இருந்தால் மட்டும் நில உரிமையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

நார்வேக்காரர்கள் அளவுகோலை எடுத்துவிட்டார்கள். 1957ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சட்டம் நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வயல், தோட்டம், வீட்டு வளாகம் எல்லாம் ஒரு வகை. காடு, மலை, கடற்கரை இன்னொரு வகை. முதல் வகையில் கூடாரத்துக்கு இடமில்லை. இரண்டாம் வகையில், ஆள் வசிக்கும் வீட்டிலிருந்தோ குடிலிலிருந்தோ குறைந்தது 150 மீட்டர் தள்ளி அடிக்கலாம். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்க உரிமையாளரின் சம்மதம் வேண்டும். உயர்ந்த மலையிலோ ஊரை விட்டு வெகுதூரத்திலோ இருந்தால் அதுவும் வேண்டாம். 150 மீட்டர் என்றால் எவ்வளவு என்று மட்டுப்படவில்லையா? 12 புளோக் எம்ஆர்டி ரயிலெல்லாம் வேண்டாம். சாதாரண நடையில் இரண்டு நிமிடம்.

ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை நார்வேயில் காட்டுக்குள்ளோ காட்டை ஒட்டியோ தீ மூட்டக்கூடாது. நாம் போகும் மாதங்கள் எல்லாமே இதற்குள் அடங்கிவிடும். 'கேம்ப்ஃபயர்' கனவோடு போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்லாந்தில் இன்னும் கண்டிப்பு. அங்கேயும் கூடாரம் போடலாம், காளானும் பழமும் பறிக்கலாம்; ஆனால் நில உரிமையாளர் சம்மதிக்காமல் திறந்த நெருப்பு மூட்ட எந்த மாதத்திலும் உரிமை கிடையாது. ஸ்வீடனில் கவனமாக மூட்டலாம், வெறும் பாறைமேல் மட்டும் கூடாது. சூட்டில் பாறை விரிசல் விட்டால் அந்தத் தழும்பு ஆறவே ஆறாது. வறண்ட கோடையில் அந்தந்த வட்டாரம் தீத் தடை அறிவிக்கும். அது வந்துவிட்டால் ஸ்வீடனிலும் பேச்சுக்கே இடமில்லை.

நான் முன்பே சொன்ன கொக்கி இதுதான்: இந்த உரிமை முழுவதும் காலில் நடந்து போகிறவருக்கானது. பனிச்சறுக்கு, சைக்கிள், படகு என்றால் கொஞ்சம் நீளும். காருக்கும் கேம்பர் வேனுக்கும் இது கிடையாது. ஸ்வீடனில் சாலையை விட்டுக் காட்டுக்குள் வண்டியை இறக்கினால் அது தனிக் குற்றம். பலர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, 'எல்லாருக்குமான உரிமை' என்று நினைத்து ஏரிக்கரையில் நிறுத்திவிடுகிறார்கள்.

இதை நன்றாகவே உணர்ந்த நாடு ஐஸ்லாந்து. சுற்றுப்பயணிகள் வெள்ளமாக வரத் தொடங்கியதும், 2015 நவம்பரில் நடப்புக்கு வந்த இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் கதவை அடைத்தது. கேம்பர் வேன், கேரவன், காரின் மேல்கூரைக் கூடாரம் எதுவாக இருந்தாலும், முகாமிடத்துக்கு வெளியே இரவு தங்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். அங்கே பாசி மூடிய எரிமலைப் பாறைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சக்கரத் தடம் பட்டால் அந்தப் பாசி திரும்ப வளரப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும். ஐஸ்லாந்து போகிறவர்களுக்கு என் யோசனை எளிது: முகாமிடங்களுக்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள். சமையலறை, கழிவறை, வெந்நீர் எல்லாம் கிடைக்கும், ஹோட்டலோடு ஒப்பிட்டால் மிகவும் மலிவு.

தூங்குவது பொழுதுபோக்கா?

பிரிட்டனுக்குள் ஒரே தீவில் இரண்டு சட்டங்கள். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி பெரும்பாலான திறந்தவெளியில் கூடாரம் அடிக்கலாம். சிறிய கூட்டம், இலகுவான கூடாரம், ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவு. வீடுகள், சாலைகள், வேலி போட்ட வயல்களிலிருந்து விலகி இருக்க வேண்டும். எல்லை தாண்டி இங்கிலாந்துக்குள் காலை வைத்தால் அந்த உரிமை அற்றுப்போகும். நில உரிமையாளர் சொன்னால்தான் உண்டு.

ஒரே ஓர் இடம் விதிவிலக்கு: தென்மேற்கே டார்ட்மூர் என்னும் மேட்டுநிலம். கருங்கல் குன்றுகள், ஈரப் புல்வெளி, காட்டுக் குதிரைக் குட்டிகள், முக்கால்வாசி நேரம் மூடுபனி. 1985ஆம் ஆண்டின் டார்ட்மூர் பொதுநிலச் சட்டம், அங்குள்ள பொதுநிலங்களில் 'திறந்தவெளிப் பொழுதுபோக்குக்காக' நடந்தோ குதிரையிலோ செல்லும் உரிமையை மக்களுக்குத் தந்தது. அந்தச் சொல்லுக்குள் கூடாரமும் அடங்கும் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். அங்கே பல ஆயிரம் ஏக்கர் வைத்திருந்த ஒரு தம்பதியர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நடப்பது பொழுதுபோக்கு, சரி. தூங்குவது எப்படிப் பொழுதுபோக்காகும் என்பதுதான் வழக்கின் சாரம்.

கேட்கச் சிரிப்பாக இருக்கிறதல்லவா? 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் மிச்சமிருந்த ஒரே உரிமையும் ஒரே நாளில் போயிற்று. ஒரு வாரம் கழித்து ஆயிரக்கணக்கானோர் அந்த மேட்டுநிலத்தில் நடந்து எதிர்ப்புக் காட்டினார்கள். அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மே 21 அன்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக, கூடாரமடித்துத் தங்குவதும் திறந்தவெளிப் பொழுதுபோக்கே என்று முடித்துவைத்தார்கள். ஒரு சொல்லின் பொருளுக்காக இரண்டரை ஆண்டு.

ஆனாலும் டார்ட்மூர் முழுவதும் தங்கலாம் என்று நினைத்துவிடக்கூடாது. எந்தப் பொதுநிலத்தில் தங்கலாம் என்று பூங்கா ஆணையம் வரைபடம் வெளியிட்டிருக்கிறது. சாலையிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால், சாலையிலோ வீட்டிலோ இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், முதுகில் சுமந்து வந்த சிறு கூடாரத்தில், அதிகம் போனால் இரண்டு இரவு. தீ மூட்டுவதோ பார்பிக்யூவோ கூடாது. ஏரி மாவட்டத்தில் சட்டப்படி உரிமை இல்லை. ஆனால் மலைச்சரிவில் கடைசிக் கல்வேலிக்கும் மேலே போய், இருட்டும் நேரம் கூடாரம் போட்டு, விடிந்ததும் கிளம்பிவிடுகிறவர்களை யாரும் விரட்டுவதில்லை. அது உரிமை அல்ல, சலுகை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. யாராவது வந்து எழுப்பினால் வாதாடாமல் எழுந்து போக வேண்டும்.

தாராள மனம் கொண்ட ஸ்காட்லாந்திலும் ஓர் இடத்தில் பொறுமை போயிற்று. கிளாஸ்கோ நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய லோக் லோமண்ட் ஏரிக்கரை. வாரக்கடைசியில் காரில் வருவார்கள். மரத்தை வெட்டி எரிப்பார்கள். திரும்பும்போது கூடாரத்தையே விட்டுவிட்டுப் போவார்கள். பீர் போத்தல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2017 மார்ச் முதல் அந்தத் தேசியப் பூங்காவின் நெருக்கடியான ஏரிக்கரைகளில் மார்ச் 1 தொடங்கி செப்டம்பர் 30 வரை அனுமதிச் சீட்டு இல்லாமல் தங்க முடியாது. இணையத்தில் சிறு கட்டணத்தில் கிடைக்கும். நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளிலும் இதே கதைதான். படத்தில் அழகாக விழும் இடங்கள் பலவற்றில் இப்போது 'இங்கே கூடாரம் அடிக்கக்கூடாது' என்ற பலகை நிற்கிறது. கைப்பேசியில் நீங்கள் பார்த்த அந்த ஆரஞ்சுக் கூடாரப் படம் எப்போது எடுத்தது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மணி பார்த்துத் தூங்கும் நாடு

பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு சொற்களை வைத்திருக்கிறார்கள். 'பிவுவாக்' என்றால் பொழுது சாயும் நேரம் சிறு கூடாரம் போட்டு, விடிந்ததும் சுருட்டிக்கொண்டு நடப்பது. 'காம்பிங் சோவாஜ்' என்றால் மேசை நாற்காலி போட்டுக் குடித்தனம் நடத்துவது. முதலாவதை மலைகளில் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாவதைக் கடற்கரைகளிலும், பாதுகாக்கப்பட்ட தலங்களிலும், வரலாற்றுச் சின்னத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள்ளும், குடிநீர் எடுக்கும் இடத்தைச் சுற்றி 200 மீட்டருக்குள்ளும் சட்டம் தடுக்கிறது. ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளின் தேசியப் பூங்காக்கள் பலவற்றில் மாலை 7 முதல் காலை 9 வரை, பூங்கா எல்லையிலிருந்தோ சாலையிலிருந்தோ ஒரு மணி நேரம் நடந்து எட்டும் தூரத்துக்கு அப்பால் பிவுவாக் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு பூங்காவுக்கும் தனி விதி. மார்செய் அருகேயுள்ள கலாங்க் பூங்காவில் எங்கும் கூடாது. கோர்சிகாவின் புகழ்பெற்ற ஜிஆர்20 நடைபாதையில் மலைக்குடில்களை ஒட்டி மட்டும்தான்.

சுவிட்சர்லாந்தில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பொதுவாக மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே, சிலர் மட்டும், ஓர் இரவு என்றால் பிரச்சினை வராது. தேசியப் பூங்காவும் வனவிலங்கு அமைதி வலயங்களும் கிட்டவே போகக்கூடாத இடங்கள். ஆஸ்திரியாவில் காட்டுக்குள் கூடாரம் போட வனச் சட்டமே தடுக்கிறது.

ஜெர்மனியிலும் காட்டில் கேட்காமல் தங்க முடியாது. ஆனால் ஜெர்மானியர்கள் அதற்கு ஜெர்மானியத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஃபால்ஸ் காட்டிலும் கருங்காட்டிலும் நடையர்களுக்கென்று சிறு முகாமிடங்கள் வைத்திருக்கிறார்கள். சில கூடாரங்களுக்கு இடம், ஒரு கழிவறை, தீ மூட்ட ஒரு வட்டம். இணையத்தில் முன்பதிவு செய்து பணம் கட்ட வேண்டும். சில இடங்களில் பதிவு செய்த பிறகுதான் இடம் எங்கே இருக்கிறது என்பதையே சொல்வார்கள். காரில் வந்து இறங்குகிறவர்களைத் தவிர்க்க இதைவிட நல்ல உத்தி எனக்குத் தெரிந்து இல்லை.

தெற்கே போகப் போகப் பதில் குறுகிக்கொண்டே வரும். ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, குரோஷியா, கிரீஸ் எல்லாவற்றிலும் 'கூடாது' என்று வைத்துக்கொண்டு, விதிவிலக்கைத் தேடிப் பார்ப்பதே பாதுகாப்பு. இதை வெறும் அதிகாரக் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். கோடையில் அந்த மலைகள் தீப்பெட்டி மாதிரி. 2017 ஜூனில் போர்ச்சுகலின் பெட்ரோகாவ் கிராண்டியில் மூண்ட காட்டுத்தீயில் 66 பேர் இறந்தார்கள். பலர் தப்பியோடும் வழியில், சாலையிலேயே, கார்களுக்குள். அந்த நாட்டில் காட்டோரம் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் வெளிநாட்டவரைப் பார்த்து ஊர்க்காரர் கத்தினால் அவர்மேல் கோபப்படாதீர்கள். போஸ்னியா போகிறவர்களுக்கு வேறு எச்சரிக்கை: 1992 முதல் 1995 வரை நடந்த போரின் கண்ணிவெடிகள் இன்னும் முழுமையாக அகற்றப்படவில்லை. குறியிட்ட பாதையை விட்டு இறங்கவே கூடாது.

முதல்முறை போகிறவர்களுக்கு

பிள்ளைகளோடு முதல்முறை போகிறவர்கள் நார்வே மலையில் தொடங்க வேண்டாம் என்பது என் எண்ணம். யாரும் அதிகம் பேசாத மூன்று நாடுகள் உண்டு. எஸ்டோனியாவில் அரசாங்க வன நிறுவனமான ஆர்எம்கே, காடெங்கும் இலவச முகாமிடங்கள் வைத்திருக்கிறது. தீ மூட்டும் இடமும் உலர் கழிவறையும் இருக்கும். பல இடங்களில் விறகுகூட அடுக்கி வைத்திருப்பார்கள். காரை அருகில் நிறுத்திவிட்டு நடந்து போகும்படி பல இடங்கள் அமைந்திருக்கின்றன. டென்மார்க்கில் பொது உரிமை கிடையாது. ஆனால் இருநூறுக்கும் மேற்பட்ட அரசாங்கக் காடுகளில் குறித்த பகுதிகளுக்குள் ஓர் இரவு, இரண்டு கூடாரம் வரை கேட்காமல் போடலாம். மூன்று பக்கம் மரச்சுவர் வைத்த சிறு குடில்களும் நாடெங்கும் உண்டு. போலந்தில் 2021 மே 1 முதல் 'காட்டில் ஓர் இரவு' என்ற திட்டத்தின்கீழ் 6 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான அரசாங்கக் காட்டைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். 9 பேர் வரை, இரண்டு இரவு வரை, முன்னறிவிப்பே தேவையில்லை. எந்தப் பகுதி என்று வனத்துறையின் இணைய வரைபடத்தில் பச்சை பச்சையாகப் போட்டிருக்கும்.

உரிமை இல்லாத நாடுகளிலும் ஒரு பழைய வழி வேலை செய்யும். பண்ணை வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பது. பிரான்ஸிலும் வேல்ஸிலும் நான் கேட்டிருக்கிறேன். முடியாது என்றவர்கள் குறைவு. இருட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும். எத்தனை பேர், எத்தனை இரவு, தீ மூட்டமாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் கூட நின்றால் இன்னும் நல்லது. ஒருமுறை ஒரு பண்ணைக்கார அம்மா மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் இடம் காட்டிவிட்டு, காலையில் ஆறு முட்டையும் கொண்டுவந்து வைத்தார்.

கார் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். நிறுத்துவது வேறு, முகாமிடுவது வேறு. ஜெர்மனியில் களைப்பு தீர்ந்து மீண்டும் ஓட்டுவதற்காக ஓர் இரவு வாகன நிறுத்தத்தில் வண்டிக்குள் தூங்குவதை ஏற்றுக்கொள்வார்கள். ஸ்பெயினிலும் கோட்டுக்குள் ஒழுங்காக நிறுத்தியிருந்தால் உள்ளே தூங்குவது நிறுத்தமாகவே கருதப்படும். உள்ளூர் விதி வேறுமாதிரி சொல்லாதவரை. நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டு, நிழற்பந்தலை விரித்து, அடுப்பில் தேநீர் வைத்தீர்களானால் அது முகாம். அபராதம் அந்த நாற்காலிக்குத்தான்.

பையில் என்ன, வயிற்றில் என்ன

கேஸ் குப்பியை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது. அடுப்பை மட்டும் கழுவித் துடைத்து எடுத்துச் செல்லுங்கள். பெட்ரோலில் எரியும் அடுப்பு ஒருமுறை பயன்படுத்தியதாக இருந்தால் வாசனை வந்தாலே நிறுத்திவிடுவார்கள். குப்பியை அங்கே வாங்கிக்கொள்ளலாம், ஆனால் இரண்டு வகை உண்டு. நம் ஊர் முகாம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் திருகு வகை அடுப்பு. பிரான்ஸின் பேரங்காடிகளில் முன்வரிசையில் இருப்பது அழுத்திப் பொருத்தும் 'காம்பிங்காஸ்' வகை. இரண்டும் ஒன்றோடொன்று சேராது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு பிரெஞ்சுக் கிராமத்தில் இதைக் கண்டுபிடித்தால் அன்றிரவு ரொட்டிதான்.

உணவு விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதிகளை அம்மாக்கள் கட்டாயம் படிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரக்கூடாது. நெய், பால்கோவா, கோழி ரெண்டாங் எல்லாம் விமான நிலையத்துக் குப்பைத்தொட்டிக்குப் போகும். குழந்தைக்கான பால்மாவுக்கு விலக்கு உண்டு. உலர்ந்த மீனுக்கும் அனுமதி உண்டு, ஆகவே நெத்திலி சம்பல் தப்பிக்கும். பச்சைக் கறிவேப்பிலை கூடாது, சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழ் இல்லாமல் வரக்கூடிய பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, கடைசியாக டுரியான். சட்டம் இயற்றியவர்கள் அதை முகர்ந்து பார்த்திருக்கமாட்டார்கள். என் பையில் எப்போதும் இருப்பது வறுத்த ரவை, ரசப்பொடி, கொஞ்சம் புளி. 8 டிகிரிக் குளிரில், மழைக்கு நடுவே, கூடாரத்து வாசலில் கொதிக்கும் ரசத்துக்கு ஈடாக அந்தக் கண்டத்தில் எந்தச் சூப்பும் இல்லை.

குளிரைப் பற்றி நம்மவர்கள் எப்போதும் குறைத்தே கணக்குப் போடுகிறோம். கேமரன் மலையில் ஸ்வெட்டர் போட்ட அனுபவம் இங்கே உதவாது. ஜூலையிலும் ஸ்காண்டிநேவிய மலைகளில் இரவு 5 டிகிரிக்குக் கீழே இறங்கலாம். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதில் இரண்டு வெப்பநிலை போட்டிருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் 'தாங்கக்கூடிய எல்லை'. சிறிய எழுத்தில் 'சுகமாகத் தூங்கும் அளவு'. வெப்பமண்டலத்தில் வளர்ந்த உடம்புக்கு இரண்டாவதைப் பார்த்தே வாங்குங்கள். பணம் குறைவாக இருந்தால் கூடாரத்தில் மிச்சம் பிடிக்கலாம், தரைவிரிப்பில் பிடிக்காதீர்கள். சூட்டை அதிகம் உறிஞ்சுவது காற்றல்ல, தரை. வடக்கே கோடையில் சூரியன் மறைவதே இல்லை அல்லது பெயருக்கு மறையும். பிள்ளைகளுக்குக் கண்மூடி வாங்கிக்கொள்ளாவிட்டால் நள்ளிரவில் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

உண்ணியைப் பற்றி வீட்டில் யாரும் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். புல்லிலும் புதரிலும் காத்திருந்து ஒட்டிக்கொள்ளும். சிலவற்றால் லைம் நோய் வரும். ஸ்வீடன், பால்டிக் நாடுகள், ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகியவற்றின் சில பகுதிகளில் மூளை அழற்சி நோயும் வரும். மூளை அழற்சிக்குத் தடுப்பூசி உண்டு, ஆனால் பல ஊசிகள், இடையிடையே இடைவெளி. பயணத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடங்கள். இரவு பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடியோரம் எல்லாம் தடவிப் பாருங்கள். இருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியமெல்லாம் வேண்டாம். ஊர் திரும்பிய பிறகு சில வாரங்களில் தோலில் சிவப்பு வளையம் தோன்றினால், ஐரோப்பியக் காட்டில் இருந்தோம் என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். இங்கே அவர் அதை எதிர்பார்க்கமாட்டார். ஸ்காட்லாந்தின் மிட்ஜ் என்னும் பொடிப்பூச்சியால் நோய் வராது, பைத்தியம்தான் பிடிக்கும். தலைக்கு வலை வாங்குங்கள், காற்று வீசும் மேட்டில் கூடாரம் போடுங்கள்.

கழிவறை விஷயத்தைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். ஓடை, ஏரியிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, முடிந்ததும் மூட வேண்டும். நாம் தண்ணீர் பயன்படுத்துகிறவர்கள். ஒரு சின்னப் போத்தல் போதும், ஆனால் ஓடைக்கரையில் உட்கார்ந்து கழுவுவது கூடவே கூடாது. பாத்திரமும் அப்படித்தான். தண்ணீரை மொண்டு எடுத்து வந்து தள்ளிக் கழுவுங்கள். ஈரத் துடைப்பான்கள் மக்காது. பைக்குள் திரும்ப வர வேண்டும்.

எங்கே அடிப்பது என்பதில் அழகைக் கடைசியாகப் பாருங்கள். 2022 டிசம்பரில் பத்தாங் காலியில், கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் மலை சரிந்து 31 பேர் மாண்டதை நாம் மறந்திருக்கமாட்டோம். செங்குத்துச் சரிவின் அடிவாரம், வறண்ட ஆற்றுப்படுகை, காய்ந்த மரத்தின் கீழே, கடற்கரையில் அலை ஏறும் கோட்டுக்குள், இடி மழையில் மலைமுகடு. இவை எந்த நாட்டிலும் வேண்டாம். அவசரத்துக்கு 112. ஐரோப்பா முழுவதும் கிட்டத்தட்ட எல்லா நாட்டிலும், பிரிட்டன் உட்பட, அதே எண்தான். காப்புறுதி எடுக்கும்போது மலை மீட்புச் செலவு அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் வந்தால் கட்டணச் சீட்டும் பின்னாலேயே வரும்.

நமக்கு விசா தேவையில்லாவிட்டாலும், குடிநுழைவு அதிகாரி "எங்கே தங்குகிறீர்கள்?" என்று கேட்கக்கூடும். "காட்டில்" என்ற பதில் அவருக்குப் பிடிக்காது. முதல் இரவுக்கும் கடைசி இரவுக்கும் நல்ல முகாமிடமோ விடுதியோ பதிவு செய்து, தாளை அச்சிட்டு வைத்திருங்கள். முதல் இரவு நேரக் குழப்பத்தோடு வரும் உடம்புக்கு வெந்நீர் தேவைப்படும். கடைசி இரவும் தேவைதான். பத்து நாள் காட்டில் இருந்தவருக்குப் பக்கத்தில் பதின்மூன்று மணி நேரம் உட்காரப் போகிறவரையும் நினைத்துப் பார்க்க வேண்டுமே. மிச்சமிருக்கும் கேஸ் குப்பியை வீசிவிடாதீர்கள். பல முகாமிடங்களில், குறிப்பாக ஐஸ்லாந்தில், முந்தியவர்கள் விட்டுப்போன அரைக் குப்பிகளுக்கென்று ஓர் அலமாரி இருக்கும். போய் இறங்கியதும் புதிதாக வாங்குவதற்கு முன்னால் முதலில் அங்கே ஒரு பார்வை பாருங்கள்.